சொட்டு எங்கிருந்து வருகிறது?

வண்டியை எடுப்பதற்கு முன் அப்பா ஒருமுறை குனிந்து தரையைப் பார்ப்பார். சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்துவதுகூட அதற்குப் பிறகுதான். இரவு நிறுத்திய இடத்தில் என்ன விழுந்திருக்கிறது, எத்தனை சொட்டு, வண்டியின் எந்தப் பாகத்துக்கு நேர் கீழே விழுந்திருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் சீட்டில் ஏறுவார். நாமக்கல்லில் எங்கள் தெருவில் அப்போது ஏழெட்டு லாரிகள் நிற்கும். விடிகாலையில் அத்தனை வீட்டு ஆண்களும் இப்படிக் குனிந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான்.

இன்று அதே தெருவில் என் அண்ணன் இரண்டு லாரிகள் வைத்திருக்கிறார். ஒன்று 2012-இல் வாங்கிய பத்துச் சக்கர வண்டி. மற்றது 2021-இல் வாங்கிய, பி.எஸ். 6 இன்ஜின் வைத்த பன்னிரண்டு சக்கர வண்டி. அவரும் காலையில் குனிந்து பார்க்கிறார். பார்த்த பிறகு என்ன செய்வது என்பதில்தான் இந்த நாற்பது ஆண்டுகளில் எல்லாம் மாறியிருக்கிறது. ஆயில் ஒழுகினால் நாமே கழற்றுவதா, பட்டறைக்குக் கொண்டுபோவதா என்று அப்பா யோசித்து நான் பார்த்ததில்லை. அண்ணன் ஒவ்வொரு முறையும் யோசிக்கிறார். சில நேரம் இரண்டு நாள் யோசிக்கிறார்.

1986 மே மாதம், பள்ளி விடுமுறையில் அப்பாவோடு ஜபல்பூர் லோடுக்குப் போனேன். சேலத்து ஜவ்வரிசி. பழைய 7-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை எங்கள் ஊர் வழியாகத்தான் போனது. வாரணாசியில் தொடங்கி கன்னியாகுமரி வரை 2,369 கிலோமீட்டர். அதன் பெரும்பகுதி இன்று 44 என்ற எண்ணில் நான்கு வழிச் சாலையாகக் கிடக்கிறது. அன்று எதிரே ஒரு வண்டி வந்தால் இருவரும் ஒரு பக்கச் சக்கரத்தை மண்ணில் இறக்க வேண்டிய சாலை. நாக்பூரைத் தாண்டி சியோனிக்குப் போகும் காட்டு வழியில், கேபினுக்குள் கருகல் வாடை வந்தது. அப்பா மூக்கைச் சுருக்கினார். “ஆயில் சைலன்ஸர் மேல விழுகுது” என்றார். நூறு அடி தள்ளி ஒரு மரத்தடியில் நிறுத்தினார்.

எங்கள் வண்டியின் கிளீனர், நான் ‘கிளீனர் அண்ணன்’ என்று அழைப்பவர், குதித்து இறங்கி நான்கு சக்கரத்துக்கும் கல் கொடுத்தார். பானட்டைத் திறந்தபோது டேப்பட் கவரின் ஓரம் முழுக்க எண்ணெய் வழிந்து, மேனிஃபோல்டில் பட்டுப் புகைந்துகொண்டிருந்தது. கார்க் பேக்கிங் காய்ந்து வெடித்திருந்தது. கையில் வேறு பேக்கிங் இல்லை. முன்னும் பின்னும் நாற்பது ஐம்பது கிலோமீட்டருக்குப் பட்டறை கிடையாது, தொலைபேசியும் கிடையாது.

அதற்குப் பிறகு நடந்ததை என்னால் இன்றும் வரிசை மாறாமல் சொல்ல முடியும். இன்ஜின் ஆறுவதற்காக அரை மணி நேரம் காத்திருந்தோம். கிளீனர் அண்ணன் கவரைக் கழற்றி, பழைய பேக்கிங்கைப் பிளேடால் சுரண்டினார். சுரண்டல் உள்ளே விழாமல் இருக்க ராக்கர் மேல் துணியைப் போர்த்தியிருந்தார். டூல்ஸ் பெட்டியின் அடியில் விரித்திருந்த தடித்த அட்டையை எடுத்து, கவரின் விளிம்பின் மேல் வைத்து, உருண்டைத் தலைச் சுத்தியால் ஓரம் முழுக்கப் பொட்டுப் பொட்டென்று தட்டினார். இரும்பின் விளிம்பே கத்தியாகி அட்டையை அளவாக வெட்டிக்கொடுத்தது. போல்ட் ஓட்டைகளையும் அப்படியே தட்டி எடுத்தார். அட்டையை இன்ஜின் ஆயிலில் ஊறப்போட்டு, இரு பக்கமும் கிரீஸ் தடவிப் பொருத்தினார். போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினார். என்னிடம் ஸ்பானரைக் கொடுத்து ஒரு போல்ட்டைத் திருகச் சொன்னார். நான் பலம் போட்டு இழுத்தபோது கையைப் பிடித்துக்கொண்டார். “போதும் கண்ணு. இதுக்கு மேல போனா பேக்கிங் பிதுங்கிரும்.”

அந்த “போதும்” எந்த இடம் என்பதுதான் அவர்களுடைய கல்வி. டார்க் ரென்ச் என்ற கருவியை அப்பா தம் ஓட்டுநர் வாழ்க்கையில் தொட்டதில்லை. மணிக்கட்டில் வந்து முட்டும் ஓர் உணர்வை வைத்து அவர்கள் அளந்தார்கள். இரண்டு மணி நேரத்தில் கிளம்பினோம். மறுநாள் காலை ஜபல்பூர் மண்டியில் தரையில் இரண்டே சொட்டு.

அந்தக் காலத்து இன்ஜின் அப்படிக் கழற்ற இடம் கொடுத்தது என்பதையும் சொல்ல வேண்டும். டாட்டா நிறுவனம் 1954-இல் ஜெர்மனியின் டெய்ம்லர் பென்ஸோடு சேர்ந்து லாரி செய்யத் தொடங்கியது. எண்ணூரில் 1948-இல் அசோக் மோட்டார்ஸாகத் தொடங்கி 1955-இல் பெயர் மாறிய அசோக் லேலண்ட், இங்கிலாந்தின் லேலண்ட் இன்ஜின்களைக் கொண்டுவந்தது. நம் சாலைகளில் ஓடிய லாரிகளில் மிகப் பெரும்பாலானவை இந்த இரண்டு குடும்பங்கள்தாம். கனத்த வார்ப்பிரும்பு. இரண்டு பாகம் சேரும் இடத்தில் கார்க்கோ காகிதமோ ஆஸ்பெஸ்டாஸ் கலந்த தாளோ பேக்கிங். கிராங்கின் பின்புறம் எண்ணெய் தாங்க, பல இன்ஜின்களில் கிராஃபைட் ஏற்றிய கயிறு. அதைப் பள்ளத்தில் வைத்து உருட்டுக் கட்டையால் தட்டி அமர்த்தி, நுனியைப் பிளேடால் சீவி விடுவார்கள். இவை எல்லாமே வெயிலிலும் சூட்டிலும் இறுகிச் சுருங்குகிறவை. ஆகவே கசிவது இயல்பு. கசியாத லாரி என்று ஒன்று இருந்தால் அதில் ஆயில் இல்லை என்று அர்த்தம் என்பார்கள். ஆனால் கசியும் இடத்துக்குக் கை போகும், ஸ்பானர் சுற்றும், மாற்றும் பொருள் டூல்ஸ் பெட்டியிலேயே கிடைக்கும். டீசல் டேங்கில் விரிசல் விட்டால் அதற்கும் ஒரு துண்டு பார் சோப்பு போதும். டீசலில் சோப்பு கரையாது, அழுத்தி அடைத்தால் ஊர் வரை தாங்கும்.

கசிவுக்கு அவர்களிடம் தனித்தனிச் சொற்கள் இருந்தன. “வேர்க்குது” என்றால் மேற்பரப்பில் ஈரம் மட்டும் படர்ந்து தூசி ஒட்டியிருக்கிறது, கவலை வேண்டாம். “கசியுது” என்றால் ஒரு கோடாக இறங்குகிறது, கவனி. “சொட்டுது” என்றால் எண்ணு. “ஊத்துது” என்றால் நிறுத்து. ஒவ்வொரு சொல்லுக்குள்ளும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பது அடங்கியிருந்தது. இந்த நான்கு சொற்களைவிடத் தெளிவான வழிகாட்டி இன்றைய வண்டியோடு வரும் தடிப் புத்தகத்திலும் எனக்குக் கிடைக்கவில்லை.

எண்ணச் சொன்னதற்குக் கணக்கு இருக்கிறது. உத்தேசமாக இருபது சொட்டு ஒரு மில்லி. இன்ஜின் ஓடும்போது நொடிக்கு ஒரு சொட்டு விழுந்தால் நிமிடத்துக்கு 3 மில்லி, ஒரு மணி நேரத்துக்கு 180 மில்லி. பத்து மணி நேரம் ஓட்டினால் ஒன்றே முக்கால் லிட்டருக்கு மேல் போய்விடும். ஆறு சிலிண்டர் லாரியின் சேம்பரில், அதாவது இன்ஜினின் அடித் தொட்டியில், 15 லிட்டருக்கு மேல் எண்ணெய் இருக்கும் என்பதால் ஒரே நாளில் ஒன்றும் ஆகிவிடாது. மூன்றாவது நாள் ஆயில் கம்பியில் கீழ்க்கோடு தெரியாது. அதைத் தெரிந்துகொள்ளாமல் ஏற்றத்தில் மிதிப்பவன் கிராங்கை இழப்பான்.

அந்தக் காலத்தை நான் வெறும் பெருமையாகச் சொல்லிவிட்டுப் போக விரும்பவில்லை. கிளீனர் அண்ணனின் வலது முன்கையில் நீளமான தழும்பு இருக்கிறது; சூடு ஆறாத ஆயிலை இறக்கியபோது பட்டது. ஜாக்கி மட்டும் கொடுத்து, கட்டை கொடுக்காமல் வண்டிக்கு அடியில் படுத்த ஒருவர் எங்கள் ஊரில் திரும்பி எழுந்து வரவில்லை. அவர் வீட்டுக்கு அப்பாவோடு துக்கம் கேட்கப் போன நாள் எனக்கு நினைவிருக்கிறது. கியர்பாக்ஸை இறக்க லிஃப்ட் கிடையாது; ஒருவர் மல்லாந்து படுத்து நெஞ்சோடு வாங்குவார், இன்னொருவர் கயிற்றைப் பிடிப்பார். ஆஸ்பெஸ்டாஸ் பேக்கிங்கைச் சுரண்டிய தூளை ஊதித் தள்ளினார்கள், சுவாசித்தார்கள். இறக்கிய பழைய ஆயிலை மண்ணில் ஊற்றினார்கள். பட்டறை மண் கறுத்து, மழைக்காலத்தில் அதன் மேல் வானவில் நிறம் மிதக்கும். பக்கத்துக் கிணறுகள் என்ன ஆகும் என்று யாரும் கேட்கவில்லை. தாமே செய்துகொண்டார்கள் என்பதற்குள் இத்தனையும் இருந்தது.

தாமே செய்ததில் தவறாகச் செய்ததும் உண்டு. 1990-களின் தொடக்கத்தில் எங்கள் வண்டியில் முன்பக்கக் கிராங்க் சீலில் எண்ணெய் வந்தது. அப்பா மாற்றினார். பதினைந்து நாளில் டேப்பட் கவரில் வந்தது. அதையும் மாற்றினார். பிறகு பின் சீல். கியர்பாக்ஸ் இறக்கி, மூன்று நாள் வண்டி நின்று, அதையும் மாற்றினார்கள். ஒரு மாதத்தில் மறுபடி முன் சீல். வீட்டில் கடன்காரர் வந்து உட்கார்ந்திருந்த காலம் அது. அம்மாவின் வளையல் அடகுக்குப் போனது. கடைசியில் சங்ககிரியில் இருந்த ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினார்கள். அவர் எந்த சீலையும் பார்க்கவில்லை. வண்டியை ஓட விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். புகை அவர் விரல் இடுக்கில் குபுகுபுவென்று வந்தது. “பேக் கம்ப்ரஷன் அடிக்குதுங்க. நீங்க எந்த சீலைப் போட்டாலும் துப்பிரும்” என்றார்.

தேய்ந்த பிஸ்டன் வளையங்களைத் தாண்டி எரிந்த வாயு சேம்பருக்குள் இறங்குகிறது. அதை வெளியே விடும் பிரீதர் குழாய் அழுக்கு அடைத்துக்கிடக்கிறது. உள்ளே அழுத்தம் ஏறுகிறது. பலவீனமான வாசல் எதுவோ அதன் வழியே எண்ணெயைத் தள்ளுகிறது. ஒரு வாசலை அடைத்தால் அடுத்த வாசல். நான்கு மாதம் அப்பா வாசல்களை மாற்றிக்கொண்டிருந்தார். பிரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்ததிலேயே பாதி கசிவு நின்றது. அடுத்த வருமானத்தில் லைனர் பிஸ்டன் மாற்றி மீதியை நிறுத்தினார். பழுதுபார்க்கத் தெரிவது ஒரு திறமை, பழுது எங்கே என்று தெரிவது அதற்கு முந்திய வேறொரு திறமை என்பதை அப்பா அந்த நான்கு மாதத்தில் பெரிய விலை கொடுத்துக் கற்றார். அதன் பிறகுதான் அவர் ஸ்பானரை எடுப்பதற்கு முன் நீண்ட நேரம் பார்க்கத் தொடங்கினார்.

பிறகு இன்ஜின்கள் மாறின. 1980-களிலேயே ஜப்பானின் ஹினோ நுட்பம் லேலண்டுக்கு வந்துவிட்டது. 1993-இல் டாட்டாவும் கம்மின்ஸும் கூட்டு நிறுவனம் தொடங்கி ஜாம்ஷெட்பூரில் இன்ஜின் செய்தன. கயிறு போய் ரப்பர் உதடு வைத்த சீல் வந்தது. அட்டை போய் அச்சில் வார்த்த ரப்பர் பேக்கிங்கும், ட்யூபில் பிதுக்கித் தடவும் சிலிக்கான் பசையும் வந்தன. எங்கள் பக்கத்து மெக்கானிக்குகள் எந்தக் கம்பெனிப் பசையையும் சென்னைத் தயாரிப்பான அனபாண்டின் பெயராலேயே அழைப்பார்கள். 2017 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ். 4 புகைத் தரம், அடுத்த மூன்றே ஆண்டில், 2020 ஏப்ரல் 1 முதல், ஐந்தைத் தாண்டிக் குதித்து பி.எஸ். 6. புகையைச் சுத்தம் செய்ய வடிகட்டி, யூரியாக் கரைசல் தெளிக்கும் அமைப்பு, எல்லாவற்றையும் ஆளும் கணினி. இந்தப் புகைக்கட்டுப்பாடு வந்ததில் எனக்கு முழு உடன்பாடு. எங்கள் தெருக் குழந்தைகள் விடிகாலையில் லாரி கிளப்பும்போது இருமுவது நின்றிருக்கிறது.

ஆனால் தம் பி.எஸ். 6 வண்டியின் இன்ஜினை அண்ணன் முதல்முதலாகத் திறந்து பார்த்தபோது, ஆயில் வந்தால் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கக்கூட இடமில்லை என்று சொன்னார். குழாய்களுக்கும் வயர்களுக்கும் மூடிகளுக்கும் பின்னால் இன்ஜின் ஒளிந்திருக்கிறது.

பழைய கை இப்போது வண்டியைக் கெடுக்கும் இடங்களும் உண்டு. சீலின் உதட்டில் கிரீஸ் தடவிப் பொருத்துவது கிளீனர் அண்ணன் தலைமுறையின் பால பாடம். இன்றைய பல இன்ஜின்களில் பின் கிராங்க் சீலின் உதடு டெஃப்ளானில் செய்தது. அதை உலர்வாகத்தான் பொருத்த வேண்டும். எண்ணெயோ கிரீஸோ படக்கூடாது, விரலும் படக்கூடாது, அதற்கென்று உள்ள வளையக் கருவியால்தான் தள்ள வேண்டும். நல்லெண்ணத்தோடு கிரீஸ் தடவினால் புது சீல் முதல் நாளே ஒழுகும். சிலிக்கான் பசையைத் தாராளமாகத் தடவினால் உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து, ஆயில் உறிஞ்சும் வலையில் போய் அடைக்கும். கசிவை நிறுத்தப்போய் இன்ஜினையே நிறுத்திவிடுவோம். சேம்பரே பல வண்டிகளில் அலுமினியம். மணிக்கட்டு உணர்வை நம்பி இறுக்கினால் மரை உரிந்து வரும். குறைந்த ஆயிலை நிரப்ப, கையில் கிடைத்ததை ஊற்றவும் முடியாது. சாம்பல் குறைவான, சி.கே. 4 தர எண்ணெய் வேண்டும். பழைய தரத்தை ஊற்றினால் அதன் சாம்பல் புகை வடிகட்டியில் தங்கும், அந்தச் சாம்பல் எரிந்து போகாது. வடிகட்டி தன்னைச் சுத்தம் செய்யும்போது அதனுள் வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டிப் போகிறது. சியோனிக் காட்டில் எங்களுக்குக் கருகல் வாடையோடு முடிந்தது. இந்தச் சூட்டின் பக்கம் எண்ணெய் வழிந்தால் வண்டி தீப்பிடிக்கலாம்.

வேறு ஒரு மாற்றம் இதைவிடப் பெரியது என்று நினைக்கிறேன்: லாரியில் கிளீனர் இல்லை. எங்கள் ஊர் வண்டிகளில் ஒரு பையன் கிளீனராக ஏறி, நாலைந்து வருடம் டயர் கழற்றி, ஆயில் பார்த்து, பட்டறையில் வண்டி நிற்கும்போது மெக்கானிக்குக்கு ஸ்பானர் எடுத்துக் கொடுத்து, பிறகு ஓட்டுநராகவோ மெக்கானிக்காகவோ ஆவான். எங்கள் கிளீனர் அண்ணன் அப்படித்தான் சொந்தப் பட்டறை வைத்தார். இன்று பெரும்பாலான லாரிகளில் ஓட்டுநர் தனியாகப் போகிறார். கூலி கட்டுப்படியாகவில்லை என்பது உரிமையாளர்களின் நியாயம், நான்கு வழிச் சாலையில் தேவையில்லை என்பது சிலருடைய எண்ணம். அந்த ஒரு சீட்டு காலியானதோடு ஓடிக்கொண்டே படிக்கும் பள்ளிக்கூடமும் மூடப்பட்டது. எனக்கு இது உண்மையான வருத்தம். கருவி மாறினால் புதிதாகக் கற்றுக்கொள்ளலாம். கற்றுக்கொள்ளப் பக்கத்தில் ஆள் இல்லாமல் போனதற்கு மாற்று இன்னும் வரவில்லை.

சென்ற ஆண்டு ஆடி மாதம், அண்ணனின் புது வண்டிக்கு அடியில் விரித்த அட்டையில் சொட்டு விழுந்திருந்தது. இரவில் அடியில் அட்டைப் பெட்டியைப் பிரித்து விரிப்பது அவர் வழக்கம்; தரையைவிட அட்டை தெளிவாகச் சொல்லும். முதலில் தொட்டு, விரல் நடுவே தேய்த்து, முகர்ந்தார். கியர் ஆயிலாக இருந்தால் கந்தக வாடை வரும், தடித்திருக்கும். ஸ்டியரிங் ஆயில் சிவப்பாக இருக்கும். டீசல் என்றால் மெலிதாக ஓடி, வாடை மூக்கில் ஏறும். இது கறுத்து, வழவழப்பாக, இன்ஜின் ஆயில். விழுந்த இடம் இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் ஹவுசிங்கின் அடி. அந்த இடத்தில் சொட்டினால் கேட்கிற யாரும் பின் சீல் என்றுதான் சொல்வார்கள். சர்வீஸுக்குப் போன் செய்தபோதும் அதையே சொன்னார்கள். “பின் சீலாத்தான் சார் இருக்கும். கியர்பாக்ஸ் இறக்கணும். மூணு நாள் ஆகும்.” மூன்று நாள் வண்டி நின்றால் தவணை நிற்காது.

அண்ணன் மறுத்தும் பேசவில்லை, வண்டியைக் கொண்டுபோகவும் இல்லை. அன்று முழுதும் துடைத்தார். பிரஷர் தண்ணீர் அடித்தால் சென்சார் இணைப்புகளில் தண்ணீர் புகும் என்பதால், பிரஷும் திருப்பூர் பனியன் வேஸ்ட்டும் வைத்துக் கையாலேயே துடைத்தார். அப்பா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். இன்ஜின் உலர்ந்ததும் அண்ணன் முகப்பவுடரைத் தட்டி ஹவுசிங், பிளாக், மேல் விளிம்புகள் எல்லாவற்றிலும் பூசினார். பரமத்தி வரை போய்த் திரும்பினார். டார்ச் அடித்துப் பார்த்தபோது ஹவுசிங்கின் பக்கத்தில் பவுடர் அப்படியே வெள்ளையாக இருந்தது. மேலே, ஏர் கம்ப்ரஸருக்கு ஆயில் போகும் குழாய் சேரும் இடத்தில் தொடங்கி, பிளாக்கின் ஒரு விளிம்பு வழியாகப் பின்னோக்கி ஓடி, ஹவுசிங்கில் இறங்கி, அடியில் சொட்டியிருந்தது ஒரு கறுப்புக் கோடு. ஓடும் வண்டியில் காற்று எண்ணெயைப் பின்னுக்குத் தள்ளும், பூமி கீழே இழுக்கும். ஆகவே ஈரம் தெரியும் இடத்துக்கு மேலேயும் முன்னேயும்தான் காரணம் இருக்கும். அப்பா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது இதுதான்.

ஒரு செப்பு வாஷர். விலை சில ரூபாய். அண்ணனிடம் ஸ்பானர் இருந்தது, கை எட்டும் இடமும்தான். ஆனாலும் அவர் தொடவில்லை. இப்போது கனரக வண்டிகளுக்கு ஆறு ஆண்டு, ஆறு லட்சம் கிலோமீட்டர் வரைகூட உத்தரவாதம் தருகிறார்கள். அதில் இன்னும் காலம் மீதி இருக்கும்போது, பதிவில்லாமல் நம் கை பட்டதாக நாளைக்கு ஒரு பேச்சு வர வேண்டாம் என்று முடிவு செய்தார். ஒழுகும் இடத்தைப் போனில் படம் எடுத்து, வண்டியோடு போய்க் காட்டினார். ஒரு மணி நேரத்துக்குள் வாஷர் மாற்றிக் கொடுத்தார்கள். கியர்பாக்ஸை யாரும் இறக்கவில்லை.

இந்த முடிவை நான் நெடுநாள் யோசித்திருக்கிறேன். சரி என்றுதான் எனக்குப் படுகிறது. கழற்றும் வேலையை அவர் விட்டுக்கொடுத்தார், பார்க்கும் வேலையை விட்டுக்கொடுக்கவில்லை. வண்டியின் கணினி ஆயில் அழுத்தம் குறைந்தால் விளக்கு எரியவைக்கும். ஆயில் எங்கே கசிகிறது என்று அதற்குத் தெரியாது. அதைக் குனிந்து பார்ப்பவர்தான் சொல்ல வேண்டும்.

2012 வண்டியில் அவருடைய கணக்கு வேறு. உத்தரவாதம் முடிந்து பல காலம் ஆகிறது. டேப்பட் கவர் பேக்கிங், ஆயில் ஃபில்டர், சேம்பரின் டிரெயின் பிளக் வாஷர் இவற்றையெல்லாம் அவரே வாசலில் மாற்றுகிறார். டார்க் ரென்ச் வாங்கிவைத்திருக்கிறார். அதன் ‘டிக்’ சத்தம் கேட்கும்போது அப்பா தலையாட்டுவார், தம் மணிக்கட்டுக்கும் அது சரியாகவே படுகிறது என்பதுபோல. பழைய ஆயிலை டின்னில் பிடித்து, சுத்திகரிப்புக்கு வாங்க உரிமம் உள்ளவருக்குக் கொடுக்கிறார். 2016-இன் விதிகளின்படி அது அபாயகரக் கழிவு, மண்ணில் ஊற்றக் கூடாது. ஆனால் வண்டிக்கு அடியில் ஜாக்கி கொடுத்துப் படுக்கும் எந்த வேலையையும் வீட்டில் செய்வதில்லை என்று உறுதியாக இருக்கிறார். கியர்பாக்ஸ் இறக்க வேண்டியது, முன் கிராங்க் சீல், டைமிங் கவர் எல்லாம் கிளீனர் அண்ணனின் பட்டறைக்குத்தான். எழுபதை நெருங்கிவிட்டார் அவர். புது வண்டிகளை எடுப்பதில்லை. “கம்ப்யூட்டர மாட்டிப் பாக்கறதுக்கு என்னட்ட ஆளில்லீங்க” என்கிறார். பழைய வண்டிகள் குறையக் குறைய அவர் பட்டறை முற்றம் அகலமாகிக்கொண்டே வருகிறது. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து உள்ளங்கை வைத்துப் பார்ப்பதை மட்டும் வருகிற எந்த வண்டிக்கும் அவர் தவறவிடுவதில்லை. புது இன்ஜின்களிலும் சிலவற்றில் பிரீதருக்கு ஃபில்டர் வைத்திருக்கிறார்கள். அது அடைத்தாலும் அதே கதைதான், எல்லா சீலும் வேர்க்கும் என்று அண்ணன் சொன்னபோது அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தை நான் பார்த்தேன்.

சென்ற வாரம் இரவு ஒன்பதரைக்கு, சாப்பிட்டு முடித்த நேரத்தில், பழைய வண்டி ஓட்டுநரிடமிருந்து வீடியோ அழைப்பு. தெலங்கானாவில் நிர்மலைத் தாண்டி ஒரு தாபாவில் நின்றிருந்தார். ராசிபுரத்துப் பையன், ஓட்டத் தொடங்கி மூன்று வருடம்தான். “அண்ணா, ஆயில் சொட்டுதுங்க” என்று போனைத் தரைக்குக் காட்டினார். சிமென்ட்டில் கறுப்பாக ஒரு வட்டம். அண்ணன் போனை அப்பாவும் பார்க்கும்படி சாய்த்தார். அப்பாவுக்கு எண்பது வயது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“தரையக் காட்ட வேண்டாஞ் சாமி. மேல காட்டச் சொல்லு.”

வெளிச்சம் மெல்ல மேலே ஏறியது. சேம்பர், அதன் விளிம்பு, பிளாக். “நிறுத்து. கொஞ்சம் முன்னால போ.” ஆயில் ஃபில்டரின் கழுத்தைச் சுற்றி ஈரம் மினுங்கியது. அதற்கு மேலே எல்லாம் தூசி படிந்து உலர்ந்திருந்தது. அதற்கு முந்திய வாரம்தான் ஃபில்டர் மாற்றியது. “ஆயில் கம்பி பார்த்தியா?” என்று அண்ணன் கேட்டார். நடுக்கோட்டில் இருக்கிறது என்றார் ஓட்டுநர். “சூடா இருக்கும். இப்பத் தொடாத. அரை மணி நேரம் ஆறட்டும், துணி வச்சுப் பிடிச்சுக் கையாலயே திருகிப் பாரு. பானா போடாத.”

அப்பா படுக்கப் போகவில்லை. பத்தேகாலுக்கு மறுபடி போன் வந்தது. ஃபில்டர் கால் சுற்று சுற்றியிருக்கிறது. துடைத்துவிட்டு இன்ஜினைப் பத்து நிமிடம் ஓடவிட்டதில் புதிதாக ஈரம் வரவில்லை.

“அடியில அட்டையப் போட்டுட்டுப் படுக்கறேனுங்ணா” என்றார் ஓட்டுநர். “காலையில எடுக்கறதுக்கு முன்னால போட்டோ அனுப்பறேன்.”